டிக்கியில் ஒரு விசில்

கையிலிருந்த காசுக்குப் புது ஆம்ப்ளிஃபயர் மட்டும்தான் வந்தது. அதற்கு ஜோடியாக, சொந்தக்காரர் இறந்தபின் உடைப்புக்குப் போன ஒரு பழைய காரிலிருந்து கழற்றிய சப்வூஃபர் ஸ்பீக்கரை எங்கள் கார் டிக்கியில் மாட்டித் தந்தார் பம்மல் மெக்கானிக் ஹேமநாத் அண்ணா. கச்சிதமாகப் பொருந்தியது.

முடிச்சூர் வருவதற்குள் கானா பாட்டில் கார் அதிர்ந்தது. ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் டிக்கியிலிருந்து ஒரு விசில்.

அண்ணாவுக்குப் போன் போட்டேன்.

"சப்வூஃபர்ல தும் தும்னு அடிதான் கேக்கும் தம்பி. விசில் எங்கேர்ந்து வரும்?"

பாட்டை நிறுத்தினேன். விசில் நிற்கவில்லை. என் மனைவி ஷீலா சிரித்தாள்.

"அந்தப் பழைய கார்க்காரர் ஒன்ஸ் மோர் கேக்குறாருங்க! போடுங்க!"

இப்போதெல்லாம் ஊருக்குப் போனால் பெட்டிகளை மடியில்தான் வைத்துக்கொள்கிறோம். டிக்கியில் அவருக்கு இடம் வேண்டுமே.