கோடு ஆடுது, மேடம்!

"ஏறுதுடி... ஏறுது! ஹெப்சி, இங்க பாருடி!"

தமிழினி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். கணினித் திரையில், மண்ணில் இருக்கும் குரோமியத்தைக் காட்டும் கோடு விறுவிறுவென்று மேலே போய்க்கொண்டிருந்தது.

இருவரும் ஆராய்ச்சி மாணவிகள். உட்கார்ந்திருந்தது வேலூரில், ஒரு கல்லூரி ஆய்வகத்தில். அவர்கள் அனுப்பிய மண் இருந்ததோ வடக்கே வெகு தூரத்தில், சிங்க்ரோட்ரான் கூடத்தில். எலக்ட்ரான்களைச் சுற்றவிட்டு, தலைமுடியைவிட மெல்லிய எக்ஸ்ரே கற்றையை உண்டாக்கும் ராட்சத இயந்திரம் அது. அதில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இவர்களுக்குக் கிடைத்தது இன்றைய ஒரு பகல்தான்.

மண், குரோமியம் போட்டுத் தோல் பதனிடும் ஆம்பூர் பக்கத்து ஃபேக்டரி ஒன்றின் உள்ளேயிருந்து வந்தது. 'எங்க கழிவு ஒரு சொட்டுகூட மண்ணுல இறங்கல' என்று முதலாளி அடித்துச் சொல்கிறார். பக்கத்துக் காலனியில் போர் போட்டால் மஞ்சளாகத் தண்ணீர் வருகிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் விசாரணை.

பக்ரீத் முடிந்த மறுநாள், ஆய்வக வாசலில் யாரோ ஒரு ஷூ டப்பாவை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே மண். மூடியில், 'ஷெட்டுக்குப் பின்னாடி, பம்ப் ஓரம்' என்று ஃபேக்டரி பெயரோடு எழுதியிருந்தது. வைத்தவர் பெயர் மட்டும் இல்லை. டப்பாவைப் பற்றி இருவரும் வெளியே மூச்சு விடவில்லை.

திடீரென்று கோடு பொட்டென்று கீழே விழுந்தது.

"கற்றையை மூடிட்டேன் மேடம்," என்றது திரையின் ஓரத்தில் வீடியோவில் தெரிந்த முகம். நசீர் அகமது. சிங்க்ரோட்ரான் கூடத்தில் கற்றை இம்மி பிசகாமல் விழுகிறதா என்று கண்காணிக்கும் விஞ்ஞானி.

"ஏன் சார்? நல்லாத்தானே ஏறுது!"

"ஏறுறது உங்க கோடு. கற்றை எங்க விழுதுன்னு காட்டுற என் கோடு ஆடுது மேடம். ஒரு பக்கமா நழுவுது. பேஜார் ஆகாதீங்க, கொஞ்சம் டைம் குடுங்க."

'பேஜார்' என்றதும் ஹெப்சிக்குச் சந்தேகம் தட்டியது. நம்மூர்ப் பேச்சாச்சே! மொபைலில் தேடியவள் அப்படியே உறைந்துபோனாள்.

"ஏய், இந்த ஆளு ஆம்பூர்டி. அந்த ஃபேக்டரி முதலாளியோட புள்ள!"

தமிழினிக்குச் சுர்ரென்று ஏறியது. மைக்கை ஆன் செய்தாள்.

"சார், அது உங்க அப்பா ஃபேக்டரிதானே?"

"ஆமா மேடம்."

"அதான் நம்பர் ஏறினதும் கை தானா மூடிடுச்சா? புள்ளைங்க குடிக்கிற தண்ணி சார் அது!"

நசீர் கேமராவை, மண்ணை அழுத்திச் செய்த வில்லைக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"வில்லையைச் சுத்தி நீலமா ஒரு வளையம் தெரியுதே, இன்னா அது?"

"ஆடாம இருக்க நான்தான் வச்சேன் சார். தோல் வாஷ..."

ஹெப்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆம்பூர்க்காரி! வாஷர் வேண்டும் என்றதும் கைக்குத் தோல்தான் வந்திருக்கிறது. அதுவும் குரோமியத்தில் ஊறி நீலமாகிப் பதமான தோல்.

"கற்றை நழுவி அது மேல விழுந்துடுச்சு. இவ்ளோ நேரம் நீங்க அளந்தது செருப்புத் தோலை," என்றார் நசீர். "இதைத் தூக்கிட்டுப் போயிருந்தா, எங்க அப்பாவோட வக்கீல் ஒரே கேள்வியில கிழிச்சுத் தொங்க விட்டிருப்பாரு."

தமிழினிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நசீரே உள்ளே போய் வளையத்தை எடுத்தார். வில்லையை வெறும் டேப்பால் ஒட்டினார். கற்றையை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இப்ப அசையாது. ஓட்டுங்க."

கோடு மறுபடி ஏறியது. முன்பு போல் வானத்துக்குப் போகவில்லை. ஆனால் விஷ வகை குரோமியம் இருந்தால் மட்டும் எழும்புகிற அந்தக் குட்டி முனை, கோட்டின் தொடக்கத்தில் பளிச்சென்று நின்றது. திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றது.

இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். மேஜையில் இருந்த டீ கவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை.

"சாரி சார்... ரொம்ப ஜாஸ்தியா பேசிட்டேன்," என்றாள் தமிழினி, மூச்சு வாங்க.

"பரவால்ல மேடம். கற்றை அசையலங்கறதுக்கு என் கோடும் சாட்சி. அளவுல இனிமே யாரும் குத்தம் சொல்ல முடியாது."

அவள் குரல் இறங்கியது. "அளவுல முடியாது சார். ஆனா இந்த மண்ணை அள்ளினது யாருன்னு கேப்பாங்களே..."

நசீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"திங்கட்கிழமை நானும் வர்றேன். கேட்டா என்னைக் கை காட்டுங்க. அந்த ஷூ டப்பா என்னோடதுதான்."