தேறாத பெரியவர்

“வேகம் போதாது. அடுத்த மாசம் வாங்க.”

டைப்பிங் டெஸ்ட் வைக்கும் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எழுந்து போனார்.

புதிதாக வந்த மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டேட்டா என்ட்ரிக்கு ஆள் கிடைக்காமல் மனுஷன் நாயாய் அலைகிறார். இவளானால் வந்தவரை விரட்டுகிறாள்!

டெஸ்ட் முடியும்வரை அவர் பெரியவரின் பின்னால்தான் நின்றிருந்தார். இவள் இருமி இருமிப் பெயரும் விலாசமுமாகப் படிக்கப் படிக்க, கீபோர்டைக் குனிந்துகூடப் பார்க்காமல் சடசடவென்று அடித்த கை அது.

கம்ப்யூட்டரில் ரிசல்ட்டைத் திறந்தார். நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை. தப்பு ஒன்றுகூட இல்லை.

“என்னம்மா அநியாயம் இது? தேறினவரைத் தேறலைன்னு அனுப்பிட்டீங்க! அப்படி என்ன பகை?”

அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருங்க, நானே கூப்பிட்டு இன்னைக்கே வேலையைக் கொடுத்துடறேன்.” கிளம்பியேவிட்டார்.

“ஐயோ, வேண்டாம் சார்! தேறினவங்களுக்கு மறுபடி டெஸ்ட் கிடையாது. வேலையிலும் சேர மாட்டார், அப்புறம் இங்கே வரவே மாட்டார்.”

“வராட்டி உங்களுக்கென்ன?”

“அவர் எங்கப்பா, சார்.”

மேனேஜர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நானா பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு பேச்சை விட்டுட்டார். என் வீட்டுப் படி ஏற மாட்டார். பென்ஷன் வாங்குற மனுஷன், அவருக்கு எதுக்கு சார் இந்த வேலை? மாசத்துல ஒரு நாள் என் எதிர்ல உட்கார்ந்து, நான் படிக்கிறதைக் கேட்கணும். அவ்வளவுதான்.”

“நீங்களாவது ‘அப்பா’ன்னு ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதா?”

“வாய் வரைக்கும் வரும், சார். கூப்பிட்டா எழுந்து போயிடுவாரோன்னு பயம். இதையும் விட்டா எனக்கு அவர் ஏது?”

ஆனாலும் மேனேஜருக்கு மனசு கேட்கவில்லை. “அதுக்காக, பெத்த அப்பாவை நீங்களே ஃபெயிலாக்குறதா?”

“இத்தனை நாளும் அவரேதான் வேணும்னே தப்புத் தப்பா அடிச்சு ஃபெயிலாவார், சார். பார்த்தீங்களே, இன்னைக்கு எனக்கு ஒரே இருமல். என்னையே கவலையா பார்த்துக்கிட்டு அடிச்சதுல, பாவம், தப்புப் பண்ண மறந்துட்டார்.”