மூன்றாவது திரை

"இதுவும் மஞ்சளாத்தான் இருக்கு," என்று வென்டல் கத்தினார்.

கோபத்தில் இல்லை. அவருடைய லேப்டாப்பின் விசிறி போடும் இரைச்சலில் கத்தினால்தான் காதில் விழும்.

நான் அப்போதுதான் கடைசித் திருகாணியை முடுக்கி, லேப்டாப்பை ஓடவிட்டு நிமிர்ந்திருந்தேன். ஒன்றரை மாதத்தில் அந்த லேப்டாப்புக்கு நான் மாட்டிய மூன்றாவது திரை அது. விசிறியையும் ஒரு முறை மாற்றியாகிவிட்டது. பெரிய வேலைகளுக்கென்றே செய்த லேப்டாப், இரையத்தான் செய்யும். ஆனால் காசு கொடுத்து வாங்கியவர்களிடம் அதைச் சொன்னால் என்னைக் கம்பெனியின் கைக்கூலியைப் போல் பார்ப்பார்கள்.

வென்டல் முப்பது வருஷமாகப் புகைப்படங்களுக்கு நிறம் திருத்துகிறவர். டுலூத் ஊரில் எடுக்கும் கல்யாணப் படங்களும் பள்ளிக்கூடப் படங்களும் பெரும்பாலும் அவர் கைக்குத்தான் வரும். அறைச் சுவர் முழுக்கச் சாம்பல் நிறம். ஜன்னல் கண்ணாடியில் கறுப்புத் துணி ஒட்டியிருந்தார். வெளி வெளிச்சம் உள்ளே வந்தால் கண் ஏமாந்துபோகுமாம்.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடம் நானூறு படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. பிள்ளைகளின் முகமெல்லாம் குளிரில் விறைத்தது போல நீலம் பாய்ந்திருக்கிறதாம். திரையில் மஞ்சள் கூடியிருக்கிறதென்று எல்லாப் படத்திலும் மஞ்சளைக் கழித்துக் கழித்து அப்படி ஆக்கி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து கொடுக்காவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கண்ணுக்கு வயதாகிவிட்டது. மனுஷர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

நிறம் அளக்கும் கருவியைத் திரைமேல் தொங்கவிட்டேன். எல்லா எண்களும் சரியாக வந்தன. முந்தைய இரண்டு திரைகளிலும் அப்படித்தான் வந்தன.

"கருவி கெடக்குதுப்பா. எனக்கு இந்த முகந்தான் கருவி."

திரையில் அவர் மனைவி மார்லிஸின் படம் இருந்தது. புதிதாக எந்தத் திரை வந்தாலும், அந்த வாரம் எடுத்த மனைவியின் படத்தைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து வரும் பழக்கம். அந்தத் தோலின் நிறம் எனக்கு மனப்பாடம், நூலளவு மாறினாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று, நான் முதல் தடவை வந்தபோதே சொல்லியிருந்தார்.

முகம் மஞ்சளாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் படத்தில் மார்லிஸ் கையில் ஒரு சாம்பல் அட்டை இருந்தது. பிற்பாடு நிறத்தைச் சரிபார்ப்பதற்காகப் படம் எடுப்பவர்கள் கையில் கொடுக்கிற அட்டை. அது சுத்தமான சாம்பலாகவே தெரிந்தது. திரையில் கோளாறு என்றால் அட்டையும் மஞ்சளடிக்க வேண்டும். திரைக்கு ஆள் பார்த்து மஞ்சள் பூசத் தெரியாது.

நான் அட்டையைச் சுட்டிக் காட்டினேன்.

"அது பழசு. வெளுத்துப்போச்சு," என்றார் வென்டல், என்னைப் பார்க்காமல்.

அப்போது கதவு திறந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து மத்தியான வெளிச்சம், வெளியே கிடந்த பனியில் பட்டுத் தெறித்து, பளீரென்று அறைக்குள் விழுந்தது.

"கதவச் சாத்து, வெளிச்சம் வருது," என்று வென்டல் கத்தினார்.

மார்லிஸ் சாத்தவில்லை. ஒரு கையில் காப்பியும் மறு கையில் எலுமிச்சைக் கேக் தட்டுமாக வாசலிலேயே நின்றார்.

"எத்தன தடவ கூப்புட்டேன் தெரியுமா தம்பி? ஃபேன் சத்தம் தாங்கலன்னு இவரு காத அடைச்சுக்கிட்டு உக்காந்துர்றாரு. ரெண்டு மாசமா நான் சொல்றது ஒண்ணுமே விழறதில்ல." பிறகு தட்டை நீட்டினார். "நீயாவது சாப்புடு. எனக்குத்தான் எதுவும் எறங்க மாட்டேங்குது."

தட்டை வாங்கக் கையை நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

மார்லிஸின் கண்ணில் வெள்ளை இல்லை. கன்னம், கழுத்து, தட்டைப் பிடித்திருந்த விரல்கள் எல்லாமே திரையில் பார்த்த அதே மஞ்சள்.

எங்கே பார்ப்பதென்று தெரியாமல் லேப்டாப் பக்கம் குனிந்து, பின்னணியில் அதில் ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தினேன். விசிறி மெல்ல மெல்ல அடங்கி நின்றது. படம் மட்டும் திரையில் இருந்தது.

வென்டல் படத்தைப் பார்க்கவில்லை. வாசல் பக்கமும் திரும்பவில்லை. என் கருவிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டில இன்னொண்ணு வெச்சிருக்கியா?" இப்போது அவர் கத்தவில்லை. "நாலாவதா ஒண்ணு மாட்டிப் பாத்துரலாம்ப்பா."

அந்தக் குரல் கெஞ்சியது. இவர் கண்ணையா வயதான கண் என்று நினைத்தேன் என்று எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

மார்லிஸும் என்னைத்தான் பார்த்தார், டாக்டரைப் பார்ப்பது போல.

"ஸ்க்ரீன்தான் கோளாறுன்னு இவரு சொல்லிக்கிட்டே இருக்காரு. அப்படித்தானே தம்பி?"

நான் பதினொரு வருஷமாக வீடு வீடாகச் சொல்லிவரும் பதில்தான். கேட்பவர்கள் எரிச்சல்படுவார்கள், மேலே புகார் எழுதுவேன் என்பார்கள். அதற்குமேல் அந்தப் பதிலால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

"ஸ்க்ரீன்ல ஒரு கொறையும் இல்லம்மா," என்றேன்.

மார்லிஸ் காப்பியையும் தட்டையும் மேசைமேல் வைத்தார். பிறகு ஸ்வெட்டர் கைகளை விரல் நுனிவரை இழுத்து விட்டுக்கொண்டார்.