கடைசி மூடி

1996-இல் விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் கம்பெனியின் ஆபீஸ், சூளைக் கொட்டகை, குடோன் மூன்றையும் கம்ப்யூட்டர் கேபிளால் இணைத்தார்கள்.

அதுவரை மூன்றுக்கும் நடுவே சைக்கிளில் சீட்டு கொண்டுபோனவர் கலியமூர்த்தி. நெட்வொர்க் ஒரு மாதம் தடையில்லாமல் ஓடிவிட்டால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் முதலாளி. கலியமூர்த்திக்கு ஐம்பத்தாறு வயது. வேறு வேலை தெரியாது.

ஐந்தாம் நாளே எல்லாக் கம்ப்யூட்டரும் ஊமையாகிவிட்டது.

புதுச்சேரியிலிருந்து இன்ஜினியர் சாவியோ வந்தார். குடோனில் கேபிள் முடிகிற இடத்தில் கட்டைவிரல் அளவு ஒரு மூடி இருக்கும். அதைக் காணவில்லை. அது ஒன்று இல்லையென்றால் மொத்தமும் படுத்துவிடுமாம்.

புது மூடி போட்டார். அடுத்த வாரம் அதுவும் போனது.

மூன்றாவது தடவையும் தொலைந்ததும், இதை நாமே செய்ய மாட்டோமா என்று சூளைக்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. களிமண்ணில் அச்செடுத்து, கிளேஸ் பூசி, சுட்டு, நாலு மூடி கொண்டுவந்தார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. நெட்வொர்க்தான் வரவில்லை.

சாவியோ அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, உள்ளே ரெசிஸ்டர் என்று ஒரு மின்தடை இருந்தால்தான் அது மூடி, இது வெறும் பீங்கான் என்றார்.

மேனேஜர் தெய்வநாயகம் எல்லார் எதிரிலும் கலியமூர்த்தியின் பையைக் கொட்டச் சொன்னார். தூக்குவாளியும் வெற்றிலையும் விழுந்தன.

"நான் எடுக்கலைங்க சார். அத வச்சி நான் என்னாங்க பண்ணப்போறேன்?"

"ஒன் வேலையக் காப்பாத்திக்குவ. வேற யாருய்யா எடுப்பா?"

ஆளை உடனே வேலையிலிருந்து நிறுத்திவிடலாமே என்றார் முதலாளி. வெளியே விட்டால் சுவரேறிக் குதித்து வந்து கழற்றுவான் என்றார் மேனேஜர். மூடிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார வைக்கலாம், தொலைந்தால் நானே பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

அப்படியே நடந்தது. வருகைப் பதிவேட்டில் 'மூடிக் காவல்' என்று ஒரு வேலை ஏறியது. ஆயுத பூஜைக்கு கலியமூர்த்தி மூடிக்குப் பொட்டு வைத்தார். அதன் பிறகு அது ஒரு நாளும் தொலையவில்லை.

மேனேஜரிடம் ஒருநாள் கேட்டேன். "சந்தேகப்பட்ட ஆளையே காவலுக்கு வச்சீங்களே சார், மறுபடி தொலைஞ்சிருந்தா?"

அவர் ஃபைலிலிருந்து நிமிரவில்லை.

"எப்புடித் தொலையும்? அவருக்குத்தான் வேலை நெலைச்சிடுச்சே. இனிமே நான் எதுக்குக் கழட்டணும்?"