மனசு மூலையில் ஒரு திண்டு

கொக்கு டீச்சர் தன் வகுப்பில் 'மனசு மூலை' என்று ஓர் இடம் ஒதுக்கி, அங்கே பஞ்சுத் திண்டு ஒன்றைப் போட்டிருந்தார். மனசு சரியில்லாத குட்டிகள் வந்து சாய்ந்துகொள்ளத்தான். ஆனால் அழுக்காகிவிடுமே என்று, கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை மட்டும் அவர் கழற்றவே இல்லை.

யாராவது வந்து சாய மாட்டார்களா என்று திண்டு ஏங்கிக் கிடந்தது. ஒருநாள் அணில்குட்டி விசும்பிக்கொண்டே வந்தது.

"எங்க மரத்தை வெட்டிட்டாங்க."

"வாடா கண்ணு, சாஞ்சுக்கோ" என்றது திண்டு.

"ஏய், தள்ளிப் போ!" என்று பாய்ந்து வந்தார் கொக்கு டீச்சர். "இன்னிக்கு மயில் ஐயா பார்வையிட வர்றார். கண்ணீர் பட்டா கறையாயிடும். போய் மூஞ்சியக் கழுவிட்டு, நல்லாச் சிரிச்சுட்டு அப்புறமா வந்து சாஞ்சுக்கோ."

அணில் பெஞ்சுக்கு அடியில் போய் அழுதது.

மயில் ஐயா வந்தார். திண்டைத் தோகையால் தடவிப் பார்த்தார்.

"பிரமாதம் டீச்சர்! ஒரு சொட்டுக் கண்ணீர்க் கறைகூட இல்லை. இங்கே எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருக்காங்க!"

திண்டுக்குத் தாங்கவில்லை, அழுதேவிட்டது. உறை மங்குவதைக் கண்டு பதறிய டீச்சர், துணியெடுத்துத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் உள்பக்கம் இருந்தது.