நான்காம் கட்டத்துக் கழுதை

பள்ளிக்கூடச் சுவரின் நான்காம் கட்டத்தில் நீலப் பெயின்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: "கழுதையைத் தேர்ந்தெடுங்கள்."

நான்காம் கட்டம் ஆலிவ் எண்ணெய் ஆலை முதலாளி அம்மாருடையது.

நகராட்சித் தேர்தல் வந்தால் எங்கள் ஊரில் சுவரைக் கட்டம் போட்டு, எண் எழுதி, வேட்பாளருக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுவோம். அடுத்தவர் கட்டத்தில் கை வைத்தவர் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். கை வைத்தது யார் என்று கண்டுபிடிப்பது என் உத்தியோகம்.

முறைப்படி அளக்க வேண்டும். அளந்தேன். கழுதை இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் இருந்தது.

அதற்குள் காபிக்கடை மொத்தமும் நாற்காலியோடு சுவர்ப்பக்கம் வந்துவிட்டது. போன நகராட்சியை நினைத்தால் கழுதை ஒன்றும் மோசமில்லை என்றார் ஒருவர். குப்பையையாவது தின்னும் என்றார் இன்னொருவர். அவ்வப்போது யாராவது அம்மாரைப் பார்ப்பதும், சிரிப்பை அடக்க இருமுவதுமாக இருந்தார்கள்.

அம்மார் கொதித்துக்கொண்டிருந்தார். ராத்திரிக் காற்றில் அவருடைய போஸ்டர் கிழிந்து பறந்துவிட்டது. அதனால் காலையில் அவரே பிரஷ் பிடித்து எழுதியிருக்கிறார்.

"நான் என் பேரைத்தான் எழுதிட்டு காபி குடிக்கப் போனேன். இந்தம்மா வந்து எழுத்தோட தலையைச் சுரண்டிட்டாங்க."

இந்தம்மா என்றது ஐந்தாம் கட்டத்து நெஜியாவை. முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். பசை வாளியும் பிரஷ்ஷுமாக, தன் போஸ்டரை ஒட்டிய கையோடு அங்கேயே நின்றிருந்தார். மூன்று மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கிய கால்கள் வீங்கியிருந்தன. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் சாயங்காலத்துக்குள் அவர் பெயர் இருக்காது.

குற்றச்சாட்டை லேசில் தள்ளவும் முடியவில்லை. எங்கள் அரபு மொழியில் அம்மாருக்கும் நான்கு எழுத்து, கழுதைக்கும் நான்கு எழுத்து. முதலெழுத்து மட்டும்தான் வேறு. அதன் தலை வளைந்தால் அம்மார், வளையாமல் படுத்துவிட்டால் கழுதை.

பகையும் இருந்தது. ஆலையின் கறுப்புத் தண்ணீர் யார் தெருவில் ஓடுகிறது என்று நெஜியாவின் போஸ்டர் கேட்டது. ஊர்க்கடிதம் எல்லாவற்றிலும் கை வைத்தவளுக்கா ஓட்டு என்று அம்மாரின் ஒலிபெருக்கி கேட்டது. இரண்டு வாரமாக இதே கச்சேரிதான்.

நெஜியாவிடம் விளக்கம் கேட்டேன். அவர் சுவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அம்மாரை. ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"நான் எழுதல. ஆனா யார் எழுதியிருந்தாலும் அழிக்காதீங்க. ஒண்ணுமே எழுத முடியாத சுவரையும் நாம பார்த்தவங்கதானே."

கூட்டம் இருமலை நிறுத்தியது.

பார்த்திருக்கிறோம். அந்தக் காலத்தில் எல்லாக் கட்டத்திலும் ஒரே தலைவரின் முகம் சிரிக்கும். மீசை வரையக்கூட ஆளில்லை. சுவர் அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

ஆனால் படிவத்தில் பழைய நினைப்புக்கு இடமில்லை. மோட்டார் சைக்கிள் சீட்டில் வைத்துப் புகாரை எழுதினேன். மனுதாரர் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். அம்மார் பேனாவை வாங்கி ஒரே மூச்சில் எழுதினார்.

எதிர்மனுதாரர் வாங்கிப் படித்துப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். நெஜியாவிடம் நீட்டும்போதுதான் நான் பார்த்தேன்.

மனுதாரர்: கழுதை.

அதே படுத்த தலை. சுவரை யாரும் சுரண்டவில்லை. அம்மாரின் கை அப்படித்தான் எழுதும்.

நெஜியா வாயைத் திறந்தால் போதும். அவர் தப்பிவிடுவார். அம்மார் சாகும்வரை, ஏன், செத்த பிறகும் இந்த ஊரில் கழுதைதான்.

நெஜியா கூட்டத்துக்குத் தெரியாமல் காகிதத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். பேனாவை எடுத்து, அந்த முதலெழுத்தின் தலையில் சின்னதாக ஒரு வளைவு போட்டார். யோசிக்காமல், பழகிய வேலையைச் செய்கிறவர் போலப் போட்டார். கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

புகார் இப்போது செல்லும். அதுவும் அவர் மேலேயே.

காகிதத்தை அம்மாரிடம் தரும்போது அவருக்கும் எனக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"சுரங்கத்துல இருந்த உங்க தம்பிக்கு நீங்க அனுப்பின கவர் ஒவ்வொண்ணுலயும் இந்த வளைவைப் போட்டிருக்கேன். பின்னாடி அனுப்புநர் பேர்ல. உள்ள பிரிச்சதில்ல."

அம்மார் அந்த வளைவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி வளைவைப் பார்த்தார். அவர் கழுத்து சிவந்துகொண்டே போனது. காபிக்கடைக்காரர்கள் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக் காத்திருந்தார்கள்.

அம்மார் நெஜியாவின் கையிலிருந்து பேனாவை உருவினார். நெஜியா போட்ட வளைவை மட்டும், பேனா முனை காகிதத்தில் இறங்க, அடித்துவிட்டார். என்னிடம் மனுவைக் கொடுத்துவிட்டு ஆலைப் பக்கம் நடந்தார்.

மனுவைத் தள்ளுபடி செய்தேன். காரணம் என்ற இடத்தில், அப்படியொரு பெயரில் வேட்பாளர் யாரும் இல்லை என்று எழுதினேன்.