தள்ளிவிட்ட கால்

பெட்ரோலுக்கு வைத்திருந்த காசில் கல்லிடைக்குறிச்சியில் புரோட்டா தின்றோம். மாஞ்சோலை ஏறும் வழியில் என் பைக் நின்றுவிட்டது.

“இங்கனயே நில்லுலே. மேல டீக்கடையில கடன் சொல்லி பெட்ரோல் வாங்கிட்டு வாரேன்” என்று மாரிராஜ் தன் வண்டியில் போனான்.

வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன். மூடுபனி இறங்கியது. சற்று நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கால் என் ஃபுட்ரெஸ்டை மிதித்துத் தள்ளியது. நின்றுபோன வண்டியை, பின்னால் இன்னொரு வண்டியில் வந்தபடி, நாங்கள் எப்போதும் அப்படித்தான் தள்ளுவோம்.

“கிடைக்கலயால?” என்றேன். வண்டி சீராக மேடேறியது. பின்னால் வண்டிச் சத்தமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

வளைவில் டீக்கடை. வாசலில் மாரிராஜ், கையில் பெட்ரோல் பாட்டிலுடன் நின்றான்.

“ஏலே, வண்டி எப்படில ஓடுது?”

இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன். கால் விலகவில்லை. வண்டி அவனையும் கடையையும் தாண்டி மூடுபனிக்குள் ஏறிக்கொண்டிருந்தது.